எந்தப் பக்கத்து மழையைக் கேக்கிறாய், மருமோன்?

"அம்மான், இலங்கையிலை மழைக்காலம் எப்ப?" எண்டு ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். மருமோன், நீ மீசை முளைக்குமட்டும் இந்த முத்தத்திலைதான் நிண்டனி. வானம் இருட்டினால் கொடியிலை கிடக்கிற உடுப்பை எடுக்கச் சொல்லி மாமி கத்த, காது கேக்காதவன்போலைப் படலையாலை மாறினவனும் நீதான். ரொறன்ரோவிலை கனகாலம் பனி வழிச்சால் மழையின்ரை ஞாபகம் போயிடும்போலை கிடக்கு.

சரி, கேள்வியைத் திருத்திக் கேள். எந்தப் பக்கத்து மழை? வைகாசி பிறக்கச் சோழகம் எழும்பும். அந்தக் காத்துக் கொண்டுவாற மழையெல்லாம் காலி, களுத்துறை, கொழும்பு, இரத்தினபுரி எண்டு தென்மேற்கிலை கொட்டி, மலைநாட்டிலை முட்டி அங்கையே தீந்துபோகும். மலையைத் தாண்டி யாழ்ப்பாணத்திலை எங்களிட்டை வந்து சேருறது வெறுங்காத்தும் புழுதியும்தான். கொழும்பிலை குடை விக்கிற அந்த நாளிலை திருகோணமலைக் கடல் அலையடங்கிக் கிடக்கும், நிலாவெளியிலை சனம் கழுத்தளவு தண்ணியிலை நிண்டு கதைச்சுக்கொண்டிருக்கும். ஐப்பசி பிறந்தால் எல்லாம் தலைகீழ். வாடை திரும்பும், வங்காள விரிகுடா மழை எங்களுக்கும் முல்லைத்தீவாருக்கும் மட்டக்களப்பாருக்கும். அப்ப காலிப் பக்கத்துக் கடற்கரையிலை கொஞ்ச நாளிலை வெள்ளைக்காரர் முதுகைக் காயப்போடத் தொடங்குவினம். இந்த ரண்டு காத்தும் இடம் மாறுற இடைவெளியிலை, பங்குனி சித்திரையிலையும் ஐப்பசியிலையும், பின்னேர இடிமழை ஒண்டு இருக்கு. அது உன்ரை பெரிய மச்சானைப்போலை, சொல்லிப்போட்டு வராது, வந்தால் சாப்பிட்டிட்டுத்தான் போகும்.

ஆனபடியால் மழையில்லாத மாசம் எண்டு ஒண்டை இந்த நாட்டிலை தேடாதை. மழையில்லாத பக்கம்தான் உண்டு. உன்ரை போன் காட்டுற வானிலை கொழும்புக்கு. அதைப் பாத்திட்டு ஆடி மாசம் மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்திறங்கின ஒருத்தரை எங்கடை ஒழுங்கை கண்டிருக்கு. அண்டைக்கு எங்கடை நாய் அவரைப் பாத்துக் குலைக்கவேயில்லை, யோசிச்சுக்கொண்டு நிண்டது.

இப்ப உன்ரை பட்டியலுக்கு வருவம். ரண்டு கிழமை லீவு. அதுக்குள்ளை நல்லூர்த் தேர், சிவனொளிபாதமலை, மிரிசவிலை திமிங்கிலம், நுவரெலியாக் குளிர், திருகோணமலையிலை கடற்குளிப்பு, நெடுந்தீவுக் குதிரை, பேரப்பிள்ளையளுக்கு நுங்கு, உனக்குக் கறுத்தக்கொழும்பான், மருமோளுக்குப் பனங்கிழங்கு. பட்டியல் நல்ல வடிவு. ஆனால் இதை வாசிச்சால் நீ ரண்டு கிழமைக்கு வாறியோ, வருசம் முழுக்க இருக்க வாறியோ எண்டு எனக்கு விளங்கேல்லை.

தேர் ஆடி ஆவணிக்குள்ளை. சிவனொளிபாதமலை மார்கழிப் பறுவப் போயாவோடை தொடங்கி வெசாக்குப் பறுவத்தோடை முடியிற யாத்திரை. 2,243 மீற்றர் உயரம். காலம் முடிஞ்சால் வழியிலை லைற் இல்லை, தேத்தண்ணிக்கடை இல்லை, காத்தும் மழையும் புகாரும்தான். ஆவணியிலை ஏறினாயெண்டால் சிவன்ரை பாதமும் தெரியாது, உன்ரை பாதமும் தெரியாது. திமிங்கிலம் பாக்கிறதும் அப்பிடித்தான். தெற்குக் கடல் கார்த்திகையிலை இருந்து சித்திரைமட்டும் சொல்லுக் கேக்கும். ஆவணியிலை வள்ளம் ஏறினால் திமிங்கிலம் உன்னை வடிவாப் பாக்கும், நீ வாளியைப் பாத்துக்கொண்டிருப்பாய். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலை இருந்து ஒரு மணித்தியாலக் கடல், சோழகத்திலை அதுகும் துள்ளும். கறுத்தக்கொழும்பான் வைகாசி ஆனிப் பழம், தேர் இழுக்கிற நேரம் மரத்திலை இலைதான் கிடக்கும். கிழங்கு தை மாசம். இப்ப விதைச்சு நாளைக்குக் கிண்டுற சாமான் எண்டு நினைச்சியோ?

நுவரெலியா ஒண்டுதான் எனக்கு விளங்காத புதினம். வருசத்திலை அரைவாசிக்குக் கம்பளிக்குள்ளை கிடக்கிற ஆக்கள், காசைக் குடுத்துப் பறந்து வந்து, இன்னும் காசைக் குடுத்துக் குளிருக்குள்ளை போய் நிக்கவேணுமாம். எங்கடை சனத்துக்கு உது சரி, வெக்கையிலை வெந்தவை. உனக்கு ஏன்? சரி, ஆசைப்பட்டாய். ஆனால் சித்திரையிலை மட்டும் அங்கை போகாதை. அது அங்கத்தைச் "சீசன்". மலர்க் கண்காட்சி, குதிரை ஓட்டம், கார் ஓட்டம் எண்டு கொழும்பு முழுக்க மலையேறி நிக்கும். அறை வாடகை கேட்டால் குளிராமலே நடுங்குவாய்.

காலநிலை சொன்னன். இனி உனக்கு ருசியான பகுதி, விடுமுறை.

மருமோன், இந்த நாட்டிலை வேலை செய்யிற நாளை எண்ணிறது சுகம். அரசாங்க விடுமுறை மட்டும் வருசத்துக்கு 25 அளவிலை வரும். புத்தர், சிவன், அல்லா, யேசு எல்லாருக்கும் பங்கு இருக்கு, ஆரும் குறை சொல்லேலாது. அதுக்குள்ளை பெரிய பங்கு போயா. ஒவ்வொரு பறுவத்துக்கும் நாடு பூட்டு. வருசத்திலை 12, சில வருசம் 13. நீ இப்ப ஞாயிற்றுக்கிழமை எண்டு ஒண்டை அனுபவிக்கிறாயே, எங்களிட்டை இருந்து அதையே எடுத்தவங்கள் தெரியுமோ? 1966 இலை இருந்து 1971 மட்டும் கிழமை விடுமுறையே போயாவிலைதான். நிலவின்ரை கால்வாசி, அரைவாசி பாத்துக் கந்தோர் பூட்டினவங்கள். ஒரு கிழமை ஆறு நாளிலை முடியும், மற்றது எட்டு நாளுக்கு இழுபடும். வெளிநாட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை எண்டு தந்தி அடிக்காமல் கிடக்க, இஞ்சை திங்கள்போலை வேலை நடக்கும். பேந்து கப்பல்காரரும் வங்கிக்காரரும் தலையைப் பிச்சுக்கொண்டு நிண்டாப்போலைதான் ஞாயிறு திரும்பி வந்தது. கோயிலுக்கு ஞாயிற்றிலை போற வேதக்காரர் அந்த நாளிலை பட்ட பாட்டை அவையளைக் கேட்டால் சொல்லுவினம்.

போயாவைப் பற்றி நீ அறியவேண்டிய முக்கிய விசயம் இதில்லை எண்டு எனக்குத் தெரியும். ஓம், அண்டைக்குச் சாராயக்கடை பூட்டு. இறைச்சிக்கடையும் பூட்டு. ஹொட்டேலிலை கேட்டால் தேசிக்காய்த் தண்ணி தருவினம். வெசாக்குக்கு அடுத்த நாளும் விடுமுறை எண்டபடியால் தாகம் இன்னும் நீளும். போன முறை நீ வந்திறங்கின அண்டைக்குப் போயா. முகத்தைப் பாத்த மாமி, "பிள்ளைக்குப் பயணக் களைப்பு" எண்டவ. நான் ஒண்டும் சொல்லேல்லை. நாள்காட்டியை ஒருக்காப் பாத்திட்டு ரிக்கெற் போட்டிருந்தால் அந்தக் களைப்பு வந்திராது. பனங்கள்ளுக்கும் காலம் இருக்கு எண்டது நான் சொல்லித்தான் தெரியவேணுமெண்டில்லை. மாரியிலை தவறணைக்குப் போய் நுரை தேடாதை.

ஆனால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்தால் வெசாக்கைத் தவறவிடாதை. கொழும்பிலை வெளிச்சக்கூடும் பந்தலும் தெருத்தெருவாய் நிக்கும். தன்சல் எண்டு வழிவழியே மறிச்சு மறிச்சுச் சோறும் ஐஸ்கிறீமும் சும்மா குடுப்பினம். கனடாவிலை ஆரும் உன்னைத் தெருவிலை மறிச்சால் காசு கேக்கத்தானே மறிக்கிறான்? இஞ்சை சாப்பிடச் சொல்லி மறிப்பான். ஒரே ஒரு வில்லங்கம், வெசாக் வாற நேரமும் தென்மேற்குப் பருவமழை தலைகாட்டுற நேரமும் கிட்டக்கிட்ட. கடதாசிக் கூட்டுக்கும் மழைக்கும் நடக்கிற சண்டையையும் சேத்துப் பாக்கலாம்.

சித்திரை வருசப்பிறப்பை மட்டும் விளையாட்டா எடுக்காதை. ஏப்ரல் 13, 14. சிங்களவருக்கும் எங்களுக்கும் ஒரே நாள் பெருநாள் எண்டதிலை ஒரு சந்தோசம் இருக்கு, ஆனால் பயணிக்கு அது சோதனை. கொழும்பு வேறை ஒருநாளும் இல்லாதமாதிரி வெறிச்சோடிக் கிடக்கும். கடைக்காரன் ஊருக்கு, சமையல்காரன் ஊருக்கு, பஸ் ஓடுறவனும் ஊருக்கு. போனவன் அந்தக் கிழமை முழுக்கத் திரும்பாமலும் விடுவான். அடுப்பு மூட்டவும், எண்ணெய் வைக்கவும், வேலைக்கு வெளிக்கிடவும் எல்லாத்துக்கும் நேரம் குறிச்சுக் கிடக்கு. உன்ரை பயணத்துக்கு மட்டும் ஒருத்தரும் நேரம் குறிச்சு வைக்கேல்லை. சொந்தக்காரர் வீட்டிலை இருந்து பலகாரம் தின்னுறதெண்டால் அதைவிட நல்ல நாள் இல்லை. ஊர் சுத்திறதெண்டால் அதைவிடக் கூடாத நாளும் இல்லை.

மற்றது நீண்ட வார விடுமுறை. போயா வெள்ளியிலையோ திங்களிலையோ விழுந்தால் தெற்கிலை இருந்து பஸ் பஸ்ஸாய்ச் சிங்களச் சனம் யாழ்ப்பாணம் வரும். அவையள் நயினாதீவு விகாரைக்கு, நாங்கள் நாகபூசணி அம்மனுக்கு, ஏறுறது ஒரே வள்ளம். குறிகட்டுவான் இறங்குதுறையிலை அண்டைக்கு வரிசையிலை நிண்டு, நீ ரொறன்ரோவிலை மறந்த சிங்களத்தை எல்லாம் திருப்பிப் படிக்கலாம். கொழும்பு ரயில் ஆசனம் ஒரு மாசத்துக்கு முன்னம் பதியத் திறக்கும், பெருநாள் எண்டால் திறந்த கையோடை முடியும். "அம்மான், ஆரையும் பிடிச்சு எடுத்துத் தாங்கோ" எண்டு நாலு நாளுக்கு முன்னம் எனக்கு அடிக்காதை. நான் பிடிக்கக்கூடிய ஆக்கள் எல்லாம் இப்ப பென்சனிலை இருக்கினம்.

நாகப்பட்டினத்துக்குக் கப்பலிலை போய்ச் சிதம்பரமும் வேளாங்கண்ணியும் பாக்கலாமோ எண்டும் கேட்டனி. பாக்கலாம், கடல் விட்டால். 2023 ஒக்ரோபர் 14 இலை நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலைக் கொடியசைச்சு விட்டவை. படம் எடுத்தவை, பேசினவை, எல்லாம் நல்ல வடிவாய் நடந்தது. ஒக்ரோபர் 20 ஓடை நிப்பாட்டினவை. ஏன்? வாடை வந்திட்டுது. பேந்து திரும்பி ஓடினது அடுத்த வருசம் ஓகஸ்டிலை. இந்தக் கடற்கரையிலை வலை பொத்துற எந்தக் கிழவனைக் கேட்டிருந்தாலும் ஐப்பசியிலை கப்பல் விடாதையுங்கோ எண்டு சும்மா சொல்லியிருப்பான். 1964 மார்கழியிலை தனுஷ்கோடியை ரயிலோடை கொண்டுபோன புயல் இந்தக் கடலாலைதான் வந்தது. 1978 கார்த்திகையிலை மட்டக்களப்பைப் பிரட்டினதும் வடகீழ்ப் பருவத்துச் சூறாவளிதான். 2008 கார்த்திகையிலை நிஷா எண்டு பேர் வைச்ச ஒண்டு எங்கடை வீட்டு வாசற்படியிலை மீன் பிடிக்க விட்டது. கார்த்திகையிலை ரிக்கெற் மலிவு எண்டு துள்ளிறாயே, அந்த மலிவை ஆர் தாறான் எண்டு இப்ப விளங்குதோ?

சரி, நல்லூருக்கு வருவம். நீ வாறதே அதுக்குத்தான் எண்டு சொல்லுறாய். மாமிக்கும் அதுதான் ஆசை.

ஆடி அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் கொடி. 25 நாள் திருவிழா. பத்தாம் நாள் மஞ்சம், 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். நிலவோடை போற கணக்கெண்டபடியால் இங்கிலீசுத் திகதி ஒரு இடத்திலை நிக்காது. 2024 இலை கொடி ஏறினது ஓகஸ்ட் 9, 2025 இலை யூலை 29. போன வருசத்துத் திகதியை நம்பி ரிக்கெற் போட்டவை வந்து வீதியிலை கச்சான் கோது மிதிச்சுக்கொண்டு திரிஞ்சதைக் கண்டிருக்கிறன். இன்னொண்டு, அந்தக் கோயில் எங்கடை சனம் எல்லாத்தையும் வெக்கப்படுத்துற விதமாய் மணிக்கு மணி நடக்கும். சொன்ன நேரத்துக்குச் சாமி வெளிக்கிடும். நீ கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு இல்லாத தலைமயிரை இழுத்து முடியமட்டும் முருகன் பாத்துக்கொண்டு நிக்கமாட்டார். ஆம்பிளையள் மேற்சட்டை கழட்டித்தான் உள்ளை போகவேணும். ஆனபடியால் இப்ப தொடக்கம் கொஞ்சம் நடந்து திரி.

தேரண்டைக்குக் காலமை கோயிலடிக்குப் போனால் வெள்ளை மணல் தெரியாது, தலைதான் தெரியும். அரைவாசித் தலை வெளிநாடு. கனடாத் தலை லண்டன் தலையைக் கண்டு, "எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள், வீடு வாங்கியாச்சோ" எண்டு விசாரிக்கும். கழுத்திலை கிடக்கிற சங்கிலியைக் கண்ணாலை நிறுக்கும். சூரனைக் கொண்ட முருகனுக்கே அந்தக் கதைக்குள்ளை புகுந்து தன்ரை முகத்தைக் காட்ட இடம் கிடைக்காது. பக்கத்து வீதியள் மறிச்சுக் கிடக்கும், ஓட்டோக்காரனுக்கு அது ஒரு மாசப் பொங்கல், அறை எடுக்கிறதெண்டால் முருகனைத்தான் கேக்கவேணும். கண்டிப் பெரஹராவும் அந்தக் காலத்தோடை வரும், மடு மாதா பெருநாள் ஓகஸ்ட் 15, எங்கடை நாட்டுப் பள்ளிக்கூட லீவும் வழக்கமா அப்பத்தான். எல்லாச் சாமியும் ஒருமிக்கப் புறப்பட்டு நிக்கிற நேரம் பாத்து உனக்கு மட்டும் விமானத்திலை யன்னல் சீற்று வேணும், அதுகும் மலிவா வேணும்.

நான் நல்லூருக்கு வராதை எண்டு சொல்லேல்லை. அந்த 25 நாளைப்போலை இந்த ஊரிலை வேறை நாள் இல்லை. ஒருக்கா வந்து பிள்ளையளுக்குக் காட்டு. தேர் பாக்க வாறதெண்டால் தேருக்கே வா. வெயிலையும் சனத்தையும் விலையையும் சேத்து வாங்கிக்கொண்டு, பட்டியலிலை மிச்சத்தை வெட்டு. திருகோணமலைக் கடலைச் சேர், மின்னேரியாக் குளம் வத்த வத்தக் கரையிலை கூடுற யானையளைச் சேர். ரண்டும் அந்த மாசத்துச் சரக்கு. மலையையும் திமிங்கிலத்தையும் விடு. வந்த காரியம் ஒண்டு எண்டு நீ முடிவெடுத்தால் மாசம் தானா வந்து நிக்கும். நீ செய்யிறது மற்றப்பக்கம். கந்தோர் லீவும் ரிக்கெற் விலையும் சேந்து மாசத்தைக் குறிக்குது, நீ பேந்து அந்த மாசத்துக்குள்ளை எல்லாத்தையும் திணிக்கிறாய்.

என்னைக் கேட்டால், பங்குனி. உங்கடை பள்ளிக்கூடத்திலை மார்ச் நடுவிலை ஒரு கிழமை விடுகினம் எண்டு உன்ரை சின்னவள்தான் எனக்குச் சொன்னவள். மற்றக் கிழமைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கனடா அரசாங்கம் கவிழாது. அந்த நேரம் வாடை ஓஞ்சிருக்கும், சோழகம் இன்னும் எழும்பேல்லை. மலையிலை யாத்திரை நடந்துகொண்டிருக்கும், தெற்கிலை திமிங்கிலமும் நிக்கும். மன்னாருக்குப் போனால் பூநாரை கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நெடுந்தீவுக் கடல் துள்ளாது. கிழங்கு முடிஞ்சாலும் புழுக்கொடியல் கிடக்கும். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பங்குனித் திங்கள், அங்கை பிள்ளையள் பொங்கட்டும். நல்லூருக்கு ஒரு விடியப்புறம் கூட்டிக்கொண்டு போறன். மணல் சூடேறாது, ஆரும் உன்னை நிறுக்கமாட்டினம், ஐயர் ஆறுதலாய் விபூதி தருவார். முருகன் பங்குனியிலையும் அங்கைதான் இருக்கிறார், ஆவணிக்கு மட்டும் வந்துபோறவர் இல்லை. வெக்கை இருக்கும், மாம்பழம் இராது. அதுக்கு நான் என்ன செய்ய?

இன்னொரு காரணமும் இருக்கு, அதை உனக்கு மட்டும் சொல்லுறன். யாழ்ப்பாணத்திலை ஆறு எண்டு சொல்ல வழுக்கையாறு ஒண்டுதான், அதுகும் மாரிக்கு மட்டும் ஆறு. மிச்சமெல்லாம் கிணறு. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ளை இறங்கி, அடியிலை கிடக்கிற உவர்த் தண்ணிக்கு மேலை நல்ல தண்ணியாய் மிதக்கும். தையிலை கிணறு கையெட்டத்திலை. ஆவணி புரட்டாதியிலை எட்டிப் பாத்தால் உன்ரை முகம் எங்கையோ கிடங்கிலை தெரியும். அந்த நேரம் கனக்க இறைச்சால் உவர் மேலை ஏறும், பேந்து கத்தரிக்கும் கூடாது, தேத்தண்ணிக்கும் கூடாது. சரியா அந்த மாசம்தான் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் இந்த வீட்டிலை ஒருமிக்க வந்திறங்கி, காலமை ஒரு குளிப்பு, மத்தியானம் வெக்கைக்கு ஒரு குளிப்பு, கோயிலுக்குப் போக முன்னம் ஒண்டு, வந்தாப்போலை ஒண்டு எண்டு மோட்டரை நிப்பாட்டவிடாயினம். போன ஆவணியிலை என்ரை வெங்காயப் பாத்தி காஞ்சு கிடக்க, உன்ரை மச்சான் குளியலறைக்குள்ளை நிண்டு பாட்டுப் படிக்கிறான், மூண்டு சரணத்தோடை.

மாமியிட்டை ரிக்கெற் பங்குனியிலைதான் மலிவு எண்டு மட்டும் சொல்லு. கிணத்துக் கதையை எடுத்தியோ, நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை எண்டு அவவுக்கு முன்னாலை சத்தியம் பண்ணுவன்.